புது சாப்ட்வேருக்குப் பழைய ஊழியர்கள் ஒத்துழைக்க மறுக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

கேள்வியைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் ஹெச்.ஆரிலோ ஐடியிலோ இருப்பீர்கள், மேலே இருப்பவர் ஒரு தேதி குறித்துக் கொடுத்திருப்பார். அந்த நெருக்கடி புரிகிறது. ஆனால் பழைய ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதற்காக, புதுசு என்றாலே அவருக்கு ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள். நேற்றுவரை அவரைக் கேட்காமல் அங்கே ஒரு வேலையும் நடந்திருக்காது. நாளையிலிருந்து அவர் எல்லார் முன்னாலும் ஒரு சின்னப் பையனிடம் போய், "தம்பி, இது எங்கே அமுக்கணும்?" என்று நிற்க வேண்டும். யாருக்கு மனசு வரும்?

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருகிறது, அதற்குள் ஸ்டாக் முழுவதும் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொரு பொருளுக்கும் வரவும் இருப்பும் கையால் எழுதும் பின் கார்டு, லெட்ஜர் எல்லாம் நிறுத்தம். எங்கள் ஸ்டோர்கீப்பர் அண்ணன் முதுநகர்க்காரர். எந்த பம்புக்கு எந்த பேரிங் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. ஒத்துழைக்காதவர் என்று சென்னையிலிருந்து வந்தவர்கள் அவரைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "அண்ணே, இதுல எதெல்லாம் தப்பு?" என்று கேட்டேன். உடனே ரீஆர்டர் லெவல் மேல், அதாவது இருப்பு எவ்வளவுக்குக் குறைந்தால் மறுபடி ஆர்டர் போட வேண்டும் என்ற எண்ணின் மேல், விரலை வைத்தார். வருஷ சராசரியை வைத்து எல்லா மாதத்துக்கும் ஒரே எண் போட்டிருந்தார்கள். "ஐப்பசி கார்த்திகையில லாரி நேரத்துக்கு வருமா? இந்த எண்ணை நம்பினா பிளான்ட் நின்னுடும்" என்றார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துக் கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது ஒரு வி-பெல்ட்டுக்கு அலைந்தவர் அவர். 2015 வெள்ளத்தையும் அதே ஸ்டோர்ஸில் இருந்து பார்த்தவர். சாப்ட்வேர் எழுதியவருக்கு இது எங்கே தெரியப் போகிறது?

மேனேஜர் சாரிடம் அவரையே பேசவைத்தேன். மழைக்காலத்துக்குத் தனி அளவு என்று முடிவானது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று அவரே உட்கார்ந்து குறித்துக் கொடுத்தார். அப்புறம் டைப் அடிக்கத் தெரியாதது அவருக்கு ஒரு குறையாகவே இல்லை. பிற்பாடு புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு ஆளை வைத்து எப்படிப் பொதுவாகப் பேசலாம் என்று சிலர் கேட்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் எம்பிஏ படித்தபோது ஒரு பாடம் வந்தது. அமெரிக்காவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் இருவரும் செய்த ஆய்வு, 1948 இல் வெளியானது. வேலை முறையை மாற்றப் போகிறோம் என்று வெறுமனே அறிவித்த குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதில் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்ட குழுக்களில் ஒருவர்கூடப் போகவில்லை. உற்பத்தியும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்து அதைத் தாண்டியது.

எல்லாப் பழைய ஆட்களும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் மேல்வரும்படி போய்விடும் என்று தடுப்பவர்களும் உண்டு. அவர்களை நிர்வாகம் வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள் சிலர், அவர்களுக்காக மற்ற எல்லாரையும் அதே கண்ணால் பார்ப்பது அநியாயம்.

இன்னொன்று. பயிற்சியை ஷிப்ட் நேரத்துக்குள் வையுங்கள். எங்களுக்கு ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தார்கள். சிதம்பரம் ரூட்டில் போகிற எத்தனையோ பஸ்கள் சிப்காட்டில் நிற்பதே இல்லை, கை காட்டினால் வேகத்தைக் கூட்டுகிறார்கள். இவ்வளவு தொழிற்சாலை இருக்கிற இடத்தில் இருட்டில் நின்று பஸ்ஸை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டியவர் வகுப்பில் கடிகாரத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? உங்கள் ஆட்கள் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு வகுப்பு நேரத்தைக் குறியுங்கள்.