குஞ்சு பொரிக்கும் முட்டைகளைக் கழுவலாமா?

வணக்கம். நாட்டுக்கோழி முட்டைகளைக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து இன்குபேட்டரில் அடுக்கியதாகவும், பதினைந்தாம் நாளில் இரண்டு முட்டைகள் வெடித்து நாறியதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தத் தண்ணீரின் மீதுதான் சந்தேகம்.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இட்டவுடன் ஈரமாக மினுங்கி, பின் உலர்ந்து படியும் மெல்லிய படலமே அவற்றை அடைத்துக் காக்கிறது. குளிர்ந்த நீர் பட்டால் முட்டையின் உட்பொருள் சுருங்குவதால், ஓட்டின் மேலிருக்கும் கிருமிகள் ஈரத்தோடு சேர்ந்து அந்தத் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகின்றன. கழுவியே ஆகவேண்டுமென்றால், நீர் முட்டையைவிட வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ஊறவைக்கவும் கூடாது.

என்னைக் கேட்டால், சுத்தமான முட்டைகளை மட்டும் வைத்து, எச்சம் அப்பியவற்றைச் சமையலுக்கு அனுப்பிவிடுவேன். சிறு கறையை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் போதும். கிருமிநீக்கம் வேண்டுமெனில், முட்டைகளைச் சேகரித்த அன்றே 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மென்தூறலாகத் தெளித்து, துடைக்காமல் உலரவிடுங்கள். பெரிய பொரிப்பகங்கள் ஃபார்மலினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கலந்து புகையூட்டுவதுண்டு. அந்த வாயு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால் வீட்டில் அதை முயலாதீர்கள்.

அடுத்த முறை அடுக்கும் முன் தட்டுகளையும் நீர்த்தொட்டியையும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலால் துடைத்து, வெயிலில் நன்கு காயவையுங்கள். வெடித்த முட்டையின் சாறு இடுக்குகளில் இன்னும் ஒட்டியிருக்கும்.