எஸ்எஸ்எச் சாவி என்றால் என்ன? பாஸ்வேர்டு இருக்கும்போது அது எதற்கு?

தொலைவில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறைதான் எஸ்எஸ்எச்; அதன் வழியே சர்வருக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய உதவும் ஒரு ஜோடிக் கோப்புதான் எஸ்எஸ்எச் சாவி. பொதுச் சாவி பூட்டு மாதிரி, எத்தனை சர்வரில் வேண்டுமானாலும் மாட்டலாம். தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

பாஸ்வேர்டு என்றால் ஒவ்வொரு முறையும் அந்த ரகசியத்தையே சர்வரிடம் சொல்லியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம் (இணையத்தில் திறந்திருக்கும் சர்வரின் லாகின் பதிவைப் பாருங்கள், ரூட், அட்மின் போன்ற பயனர் பெயர்களில் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள்). சாவியில் உங்கள் கணினி ஒரு கையொப்பம் மட்டும் போட்டு அனுப்புகிறது, ரகசியம் இடம் மாறுவதே இல்லை.

சரி, வசதி? தனிச் சாவிக்குக் கடவுத்தொடர் (அந்தக் கோப்பையே பூட்டும் ரகசியச் சொற்றொடர்) வையுங்கள். எஸ்எஸ்எச் ஏஜென்டில் (திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரல்) ஒருமுறை சேர்த்துவிட்டால் அது ஓடும்வரை திரும்பக் கேட்காது. அப்புறம் ஐபி, பயனர் பெயர், போர்ட் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் உள்ள எஸ்எஸ்எச் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஒரு சின்னப் பெயரில் எழுதிவிட்டால் எஸ்எஸ்எச் கட்டளையோடு அந்தப் பெயரை அடித்தாலே போதும். ஒவ்வொரு கணினிக்கும் தனி ஜோடி வைப்பது நல்லது, லேப்டாப் தொலைந்தால் சர்வர்களில் அதன் பொதுச் சாவி இருக்கும் அந்த ஒரு வரியை அழித்தால் முடிந்தது.

சாவி போட்டதும் பாஸ்வேர்டு வழி தானாக மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; மூடாது, சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு சர்வர் அமைப்பில் நீங்கள்தான் அதை நிறுத்த வேண்டும்.