திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தையல் பிரிவில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, மூன்று மாதங்களுக்கு முன் உற்பத்திப் பொறுப்பாளர் ஆனேன். திங்கள்தோறும் மாலை நான்கு மணிக்குப் பிரிவுப் பொறுப்பாளர்களின் கூட்டத்தை நான்தான் நடத்த வேண்டும். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பும்வரை கூட்டம் இழுக்கிறது. நான் பேசுகிறேன், கட்டிங் பிரிவில் இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் மறுத்துப் பேசுகிறார், மற்றவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். அடுத்த வாரம் அதே பிரச்சினை மறுபடி வந்து நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த நான்கு மணிதான். சோளிங்கருக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் போக வேண்டிய பெண்கள், பஸ் கிளம்பும் நேரம் நெருங்கும்போது புதிதாக ஒரு பிரச்சினையைக் கிளப்ப மாட்டார்கள். பேசினால் கூட்டம் நீளும், பஸ் போய்விடும். அவர்கள் தலையாட்டுவதற்கு இதுவே போதுமான காரணம். மே மாதத்தில் நிலைமை இன்னும் மோசம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், பகலெல்லாம் கூரைக்கடியில் வெந்து நின்றவரிடம் மாலையில் யோசனை கேட்பது நியாயமில்லை. காலையில் உற்பத்தி லைன் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் கூட்டத்தை வையுங்கள். முப்பது நிமிடம் போதும். எட்டுப் பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 12 மணி நேர உழைப்பு போகிறது. ஒருவரின் ஒன்றரை நாள் ஷிப்டு அது. இந்தக் கணக்கை மேலாளரிடம் சொன்னால் நேரத்தை மாற்ற அவர் மறுக்க மாட்டார்.

அடுத்தது, எதைப் பேசப்போகிறோம் என்பது. ‘தரம்’, ‘டெலிவரி’ என்று தலைப்புகளை எழுதி அனுப்பாதீர்கள். தலைப்புக்கு யாரும் தயாராகி வர முடியாது. கேள்விக்குத்தான் தயாராக முடியும். உதாரணத்துக்கு, ஒட்டிய ‘சோல்’ பிரிந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தரம்’ என்று எழுதினால் பழி சொல்லும் படலம் தொடங்கிவிடும். ‘சோல் பிரிவது ஏன்? ஒட்டுவதற்கு முன் தோலைச் சொரசொரப்பாக்குவதில் குறையா, பசை காயும் நேரம் போதவில்லையா, அழுத்தும் இயந்திரத்தில் கோளாறா?’ என்று சனிக்கிழமையே எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ஃபினிஷிங் பொறுப்பாளர் பிரிந்த ஜோடிகளைக் கையோடு எடுத்து வருவார். மேசைமேல் நான்கு ஷூ இருந்தால் பேச்சு தானாக விஷயத்துக்கு வந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு இப்படி இரண்டு கேள்விகள் போதும். ஸ்டோர் பொறுப்பாளருக்கு அன்று சம்பந்தம் இல்லையென்றால் அவரை வேலை பார்க்க விடுங்கள்.

இப்போது அந்த கட்டிங் அண்ணன். நான் ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையில் முதன்முதலாகப் பொறுப்பேற்றபோது இதே போன்ற ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் வாதாடி வென்றேன். அதன்பிறகு ஆறு மாதம் அவர் பிரிவிலிருந்து எனக்கு ஒரு தகவலும் நேராக வரவில்லை. அந்த வெற்றிக்கு நான் கொடுத்த விலை மிக அதிகம்.

தோலைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லக்கூடியவர் அவர். நேற்றுவரை தையல் பிரிவில் இருந்த ஒரு பெண் தன்னிடம் கேட்காமல் முடிவோடு வந்து நிற்கிறார் என்பதுதான் அவருடைய மனக்குறையாக இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமையே அவருடைய மேசைக்குப் போங்கள். உங்கள் அறைக்கு அவரை அழைக்காதீர்கள். “அண்ணா, திங்கட்கிழமை இதைப் பேசலாம் என்றிருக்கிறேன். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். கேட்ட பிறகு பொறுமையாகக் காதுகொடுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது ஏற்க முடிந்தால், கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்க முடியாததை, ஏன் முடியவில்லை என்று வெள்ளிக்கிழமை அவர் மேசையிலேயே, தனியாகச் சொல்லிவிடுங்கள். மரியாதை கிடைத்துவிட்டால், சபையில் அதைப் பிடுங்கி வாங்கும் தேவை பெரும்பாலானவர்களுக்கு இருப்பதில்லை.

கூட்டத்தில் நீங்கள் கடைசியில் பேசுங்கள். முதலில் வயதிலும் பதவியிலும் இளையவர், பிறகு மற்றவர்கள், அதன்பின் கட்டிங் அண்ணன், கடைசியில் நீங்கள். ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போதும் பதவியில் இளையவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். வேலூர்ப் பக்கம் ராணுவக் குடும்பங்களுக்குக் குறைவில்லை, விசாரித்துப் பாருங்கள். பெரியவர் வாய் திறந்துவிட்டால் சின்னவர் தன் கருத்தை விழுங்கிவிடுவார் என்பதால் வந்த ஏற்பாடு அது. நம் ஊரில் உர்தூ, தெலுங்கு வீட்டுமொழியாக உள்ளவர்களும் லைனில் இருப்பார்கள். தமிழில் தயங்குபவர் தன் மொழியிலேயே சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒருவர் கெட்ட செய்தி கொண்டுவரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற ஆறு பேரும் கவனிப்பார்கள். வேலூர்க் கோட்டையில் 1806-இல் நடந்ததை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். புதிய தலைப்பாகையை அணிய மே மாதமே சிப்பாய்கள் வெளிப்படையாக மறுத்தார்கள். மறுத்தவர்களில் சிலருக்குக் கசையடி கிடைத்தது. அத்தோடு அதிருப்தி தீர்ந்துவிடவில்லை. அதிகாரிகளின் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போனது. ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. தொழிற்சாலையில் யாரும் கசை எடுப்பதில்லை. “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று எட்டுப் பேர் முன்னால் கேட்கும் ஒரு கேள்வியே அந்த வேலையைச் செய்துவிடும். “சொன்னது நல்லதாயிற்று. எத்தனை ஜோடி?” என்று கேளுங்கள். தவறு யாருடையது என்பதைத் தனியாக, பிறகு பேசிக்கொள்ளலாம்.

முடிவுகள் நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று. பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாமல் எழுந்து போவதுதான். ‘பசை விஷயத்தைப் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன வேலை, யார், எந்த நாள். ‘யார்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். ‘லாஸ்டிங் பிரிவு’ (ஷூவின் மேல்பகுதியை அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவு) என்று பொதுவாக எழுதக் கூடாது. கடைசி ஐந்து நிமிடத்தில் அவரவர் பொறுப்பை அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை அந்தப் பக்கத்தை வாசிப்பது. உங்கள் பெயருக்கு எதிரே உள்ளதை முதலில் வாசியுங்கள். முடிக்கவில்லை என்றால் முடிக்கவில்லை என்றே சொல்லுங்கள்.

நேரத்தையும் மூன்று கட்ட நோட்டையும் வருகிற திங்களே தொடங்கிவிடலாம். கட்டிங் அண்ணன் விஷயத்துக்கு மட்டும் இரண்டு மாதமாவது பொறுங்கள். பேச ஒன்றும் இல்லாத வாரம் வந்தால், கூட்டம் இல்லை என்று சனிக்கிழமையே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.