வலுவும் வழியும்

கேள்வி: சோவியத் ரஷ்யாவுக்கு ஹைட்ரஜன் குண்டு செய்து கொடுத்த விஞ்ஞானி சகாரோவுக்குச் சமாதான நோபல் கொடுத்தார்களே, இது என்ன நியாயம்? விஞ்ஞானி தன் வேலையைப் பார்த்தால் போதாதா? மனித உரிமையெல்லாம் குண்டு செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'தன் வேலையைப் பார்க்கட்டும்'! இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி எனக்கும் இதைத்தான் சொல்கின்றன. என் வேலை என்ன என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

சகாரோவுக்கு இந்தப் புத்திமதியை ஒரு ஜோக்காகவே சொன்னார்கள். 1955 நவம்பர் 22, செமிபலாத்தின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைத் திடல். குண்டு எதிர்பார்த்தபடி வெடித்தது. பங்கரில் கட்டை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையும் ஒரு சிப்பாயும் செத்துப்போனார்கள். அன்று ராத்திரியே விருந்து. சகாரோவ் கோப்பையை உயர்த்தி, "நம் குண்டுகள் சோதனைத் திடலில் இதேபோல் நன்றாக வெடிக்கட்டும், நகரங்களின் மேல் ஒருநாளும் வேண்டாம்" என்றார். சோதனைக்குப் பொறுப்பான ராணுவத் தளபதி மார்ஷல் நெதேலின் எழுந்து ஒரு கதை சொன்னார். ஒரு கிழவர் சாமி படத்துக்கு விளக்கேற்றி, வெறும் சட்டையோடு நின்று, "வலுவைக் கொடு, வழியைக் காட்டு" என்று வேண்டினாராம். படுத்திருந்த கிழவி சொன்னாளாம்: "வலுவை மட்டும் கேளுங்க. வழியை நான் காட்டிக்கிறேன்!"

(குழந்தைகள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.)

அதாவது, குண்டை நீ செய்து கொடு, எங்கே போடுவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சகாரோவ் பிராந்தியைக் குடித்துவிட்டு அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. வழி காட்டத் தெரிந்த அந்த மார்ஷல் 1960இல், பைக்கோனூர் ஏவுதளத்தில் ராக்கெட் நின்ற இடத்திலேயே வெடித்துச் செத்தார்.

பிராயச்சித்தமாவது! இரண்டு வல்லரசுகளுக்கும் சமபலம் வேண்டும் என்றுதான் குண்டு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு, ஒரு மெகாடன் வெடித்தால் அதன் கதிரியக்கத்தால் காலப்போக்கில் 10,000 பேர் பலியாவார்கள் என்று கணக்குப் போட்டு 1958இல் எழுதினார். கணக்குப் போடுவது அவர் வேலைதானே? விடை மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தன் வேலையை மட்டும் பார்த்தவர்களும் அங்கே உண்டு. 1973 ஆகஸ்டில் 40 அகாதெமி விஞ்ஞானிகள் சகாரோவைக் கண்டித்து, கட்சிப் பத்திரிகையான 'பிராவ்தா'வில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு மட்டும் நேரம் கிடைத்தது. இயற்பியல் விஞ்ஞானி கபீட்சா போடவில்லை. கூட்டறிக்கை என்றாலே எனக்கு ஒவ்வாமை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நம் ஊர்க் கவிஞர்கள் சிலர் அறிக்கையைப் படிப்பதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுவார்கள். பெயர் வரிசையில் தங்கள் பெயர் எத்தனையாவது என்பதில்தான் தகராறு. இதை எழுதியதற்காக என்னோடு பேசாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நிம்மதியாக இருக்கிறது.

பரிசு நியாயமா என்று கேட்டீர்கள். 1975 டிசம்பரில் ஆஸ்லோவில் அதை வாங்கியது அவர் மனைவி எலேனா போன்னர். அன்று சகாரோவ் வில்னியஸில், மனித உரிமைக்காகப் போராடிய நண்பர் கவல்யோவின் வழக்கு நடந்த நீதிமன்றத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நியாயம்தான்.

1980இல் சகாரோவைக் கோர்க்கி நகரத்துக்கு அனுப்பி, போன்கூட இல்லாமல் அடைத்துவைத்தார்கள். 1986 டிசம்பர் 15 ராத்திரி, கேட்காமலே ஆள் வந்து போன் மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் சோவியத் தலைவர் கோர்பசேவ் அழைத்து, மாஸ்கோ திரும்பி வந்து தேசப்பணியைத் தொடருங்கள் என்றார். நன்றி சொன்ன கையோடு, சிறையில் ஒரு வாரம் முன்பு செத்துப்போன அரசியல் கைதி மார்ச்சென்கோவைப் பற்றிப் பேசி, மற்ற அரசியல் கைதிகளை விடச் சொன்னார் சகாரோவ். அதே காலத்தில் நாங்கள் போனுக்கு மனுப் போட்டு, வருஷக்கணக்காக எதிர்க்கடை போனில் பேசிக்கொண்டிருந்தோம். அரசாங்கத்தை இன்னும் கொஞ்சம் காரமாகத் திட்டியிருக்க வேண்டும்.