பெட்லம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை ஆசைக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியை வெளியே போனதும் வகுப்பு ‘பெட்லம்’ ஆகிவிட்டது என்று ஒரு வரி. அகராதியில் ‘பைத்தியக்கார விடுதி’ என்றும் இருக்கிறது, ‘கூச்சல் குழப்பம்’ என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எதைப் போடட்டும்?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் வருத்தமான சம்பந்தம். பெட்லம் என்பது ஊர்ப்பெயர். இயேசு பிறந்த பெத்லகேம்தான். எபிரேயத்தில் அதற்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். 1247இல் லண்டனில் பெத்லகேம் மாதாவின் பெயரில் ஒரு மடம் கட்டினார்கள். ஊர் வாயில் அந்தப் பெயர் தேய்ந்து பெட்லம் ஆயிற்று. மடமும் மெல்ல ஆஸ்பத்திரியாக மாறியது. 1403இல் நடந்த ஒரு விசாரணையில், புத்தி பேதலித்த ஆறு ஆண்கள் அங்கே இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அதே பதிவில் சங்கிலிகளும் விலங்குகளும் வருகின்றன.

பிற்பாடு அது வேடிக்கை பார்க்கும் இடமாகிவிட்டது. உண்டியலில் காசு போட்டுவிட்டு உள்ளே போகலாம். 1676இல் மூர்ஃபீல்ட்ஸில் அரண்மனை போல ஒரு புதுக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள். அதை வடிவமைத்தவர் ராபர்ட் ஹூக். பள்ளியில் ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டு ஒரு விதி படித்தோமே, அதே ஹூக். அங்கும் கூட்டம் வந்தது. நோயாளிகளைச் சீண்டி, அவர்கள் கத்துவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 1770இல்தான் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே எந்த அமளிக்கும் பெட்லம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பாதி பார்க்க வந்தவர்கள் போட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழி மட்டும் உள்ளே கிடந்தவர்கள் மேல் விழுந்தது.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். ‘பைத்தியக்கார விடுதி’ வேண்டாம். இன்று பெட்லம் என்று சொல்லும் ஆங்கிலேயர் யாரும் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லை. தமிழில் போட்டால் அதுதான் முதலில் கண்ணில் படும். ‘கூச்சல் குழப்பம்’ தப்பில்லை, ஆனால் அகராதி வாசனை அடிக்கிறது. நம் வாத்தியார்கள் என்ன கேட்பார்கள்? “இது வகுப்பா, சந்தைக்கடையா?” அதுவும் ஓர் இடத்தின் பெயர்தானே. ‘ஆசிரியை வெளியே போனதும் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள்.