கேள்வி நேரம்: பள்ளி மேடையும் பிள்ளைகளின் குரலும்

இரண்டாம் தவணை முடிவில் வரும் கலை நிகழ்ச்சிக்கு மொரீஷியஸ் பள்ளிகள் ஒத்திகையைத் தொடங்கியிருக்கும் நேரம் இது. சேர்ந்திசை, நாடகம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் சேர்ந்திசைக் குழுவில் 14 பெண்கள், 9 பையன்கள். எல்லோருக்கும் 13 முதல் 15 வயது. 5 கட்டை என்ற சுருதியில் பாடச் சொன்னால் பையன்கள் சிலருக்குக் கீழே எட்டவில்லை, சிலருக்கு மேலே குரல் உடைகிறது. எல்லோரையும் ஒரே சுருதியில் பாட வைக்க முடியுமா?
– இசை ஆசிரியை, காத்ர் போர்ன்

முடியும். ஆனால் பாட்டை முடிவு செய்துவிட்டு அதற்குச் சுருதி தேடினால் முடியாது. முதலில் குரல், பிறகு சுருதி, கடைசியில்தான் பாட்டு. பல பள்ளிகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பையன்கள் குழுவை விட்டு விலகுவதற்கும் அதுவே காரணம்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் கேளுங்கள். கீபோர்டு பக்கத்தில் இருக்கட்டும். 'ஆ' என்று அகாரத்தில் மெதுவாக இறங்கச் சொல்லி, காற்று மட்டும் வரும் இடத்துக்கு முந்தைய ஸ்வரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் மேலே ஏறும்போது கழுத்து இறுகுவதற்கு முந்தைய ஸ்வரம். பையன்கள் மூன்று வகையாகப் பிரிவார்கள். குரல் மாறாதவர்கள் பெண்களோடு பாடலாம். குரல் மாறி நிலைத்தவர்கள் ஒரு ஸ்தாயி (ஏழு ஸ்வர அடுக்கு) கீழே பாடுவார்கள். நடுவில் இருப்பவர்களுக்குச் சுகமாக வருவது ஐந்தாறு ஸ்வரங்கள்தான்.

உங்கள் குழுவுக்கு 6 கட்டையை முயன்று பாருங்கள். 5 கட்டையில் பெண்களின் ஸட்ஜத்துக்கு ('ஸ') ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜம், அண்மையில்தான் குரல் மாறிய பையனுக்கு ஆழம் அதிகம். 6 கட்டையில் அது ஒரு முழு ஸ்வர அளவு உயர்ந்துவிடும், பெரும்பாலோருக்கு எட்டும். பெண்களுக்கும் தார (மேல் ஸ்தாயி) ஸட்ஜம், ரிஷபம் ('ரி') வரை சிரமம் இல்லை. மத்திய (நடு ஸ்தாயி) ஸட்ஜத்துக்கும் தார ரிஷபத்துக்கும் இடையில் அடங்கும் பாட்டாக எடுங்கள். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') வரை இறங்கும் பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வயதுக்கு வேண்டாம்.

நடுநிலையில் இருக்கும் பையன்களை 'வாயை மட்டும் அசை' என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிக் கேட்ட பிள்ளை பிறகு பாட வராது. பல்லவி மட்டும் அவர்கள் பாடட்டும், சரணத்தில் கைத்தாளம் போடட்டும். குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீண்டு தடிக்கும் காலம் இது. பழகிய பிடி தப்பத்தான் செய்யும். உரக்கப் பாடச் சொல்லி அழுத்தினால் தொண்டைதான் கட்டும். குரல் தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பதால், மே மாதம் எடுத்த குறிப்பை ஜூனில் ஒரு முறை சரிபாருங்கள். சுருதிப் பெட்டியின் ஒலி பாடுபவர்களின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், தேவை அவர்களுக்குத்தான்.

கேள்வி: குயூர்பிப்பில் சரியாகச் சுருதி சேர்த்த மிருதங்கம், போர்ட் லூயி மேடையில் வேறு மாதிரி பேசுகிறது. ஏன்?
– 12ஆம் வகுப்பு மாணவர், குயூர்பிப்

தோல் ஈரத்தை வாங்கினால் தளரும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகும், சுருதி ஏறும். குயூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஜூன், ஜூலையில் குளிரும் தூறலும் ஓயாது. கடலோரத்தில் இருக்கும் போர்ட் லூயியில் வெப்பம் அதிகம், போதாததற்கு மேடை விளக்கின் சூடு வேறு. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து மேடையிலேயே வைத்துவிடுங்கள். விளக்குகள் எரியட்டும். அதன்பிறகு சேருங்கள். வெயிலில் வைப்பது, முடி உலர்த்தியால் சூடேற்றுவது இரண்டும் வேண்டாம். வலந்தலையின் (வலப் பக்கத் தோல்) நடுவில் உள்ள கருப்பு வட்டமான கரணை வெடித்துவிடும்.

வலந்தலையின் ஓரத்தைச் சுற்றியுள்ள பின்னல் வளையமான மூட்டை மேலிருந்து கீழாகத் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். கல்லால் நேரடியாகத் தட்டாமல் நடுவில் ஒரு கட்டைத் துண்டை வையுங்கள். ஒரே பக்கமாகத் தட்டிக்கொண்டு போகாமல், ஒரு கண்ணை (தோல் வார் நுழையும் இடம்) தட்டியதும் அதற்கு எதிர்க் கண்ணுக்குப் போங்கள். 16 கண்ணிலும் ஒரே நாதம் வரும்வரை விடாதீர்கள்.

தொப்பிப் பக்கத்துக்கு (இடப் பக்கம்) இரண்டு மேசைக்கரண்டி மெல்லிய ரவை போதும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். தோலின் நடுவை ஈரவிரலால் தடவி, அதன்மேல் வட்டமாக அப்புங்கள். ரவை காய்ந்திருந்தால் பாட்டின் நடுவிலேயே உதிரும்; அதிகம் அப்பினால் நாதம் செத்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கல்லாக இறுகி, எடுக்கும்போது தோலையும் கிழிக்கும்.

குழு 6 கட்டையில் பாடினால் நீளம் குறைந்த மிருதங்கம் வேண்டும். பள்ளியில் இருப்பது நீளமானதா? அதை வலுக்கட்டாயமாக 6 கட்டைக்கு ஏற்றாதீர்கள், வார் அறுந்துவிடும். 3 கட்டைக்கு வருமா பாருங்கள். 6 கட்டைக்கு அது பஞ்சமம், கேட்க நன்றாகவே இருக்கும்.

கேள்வி: நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ரோமன் எழுத்தில் வசனம் எழுதிக் கொடுக்கிறேன். உச்சரிப்பு சரியாக வரவில்லை.
– தமிழ் ஆசிரியர், ரோஸ் ஹில்

ரோமன் எழுத்தில் குறில் எது, நெடில் எது என்றே தெரியாது. அங்கேதான் பாதி உச்சரிப்பு போகிறது. பிள்ளைகள் வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தவர்கள் என்றால் வசனத்தைத் தமிழிலேயே, பெரிய எழுத்தில், வரிக்கு நான்கைந்து சொல்லாகப் பிரித்துக் கொடுங்கள். பொருளை மட்டும் ஓரத்தில் கிரியோலில் எழுதலாம். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை ஒரு சொல் தவறினால் அப்படியே நின்றுவிடும். பொருள் தெரிந்த பிள்ளை சமாளித்துக்கொள்ளும்.

திருத்துவதிலும் வரிசை வேண்டும். எடுத்தவுடன் ழகரத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வாட்டாதீர்கள். முதலில் குறில் நெடில் (கல், கால்), அடுத்து ஒற்று (படம், பட்டம்). இவை சரியானாலே கடைசி வரிசையில் இருப்பவருக்கு வசனம் புரிந்துவிடும். ழ, ள, ற அதன்பிறகு. நீங்கள் நிதானமாகப் பேசிய வசனத்தைக் கைப்பேசியில் பதிந்து, ஒவ்வொருவருக்கும் அவருடைய பகுதியை மட்டும் அனுப்புங்கள். எழுத்தைவிட அது வேகமாகப் பதியும்.

கேள்வி: மேடையில் ஆறு மைக் வைத்தும் வசனம் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் கூவுகிறது.
– நாடகக் குழுப் பொறுப்பாளர், வாக்கோவா

ஆறு மைக்கும் திறந்திருப்பதால்தான் கூவுகிறது. ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் கூட்டக்கூடிய ஒலி 3 டெசிபல் குறையும். ஆறை இரண்டாக்கினால் ஏறத்தாழ 5 டெசிபல் மிச்சம்.

ஸ்பீக்கர்களை மேடை விளிம்புக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். மைக்குகள் அவற்றுக்குப் பின்னால் இருக்கட்டும். நாடகத்துக்கு விளிம்பில் தரையோடு இரண்டு மைக் போதும், அடியில் பஞ்சுத் துண்டு வைத்தால் காலடிச் சத்தம் அடங்கும். முக்கிய வசனங்களை மேடையின் முன்பகுதியில் பேச வையுங்கள்; தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் விழும். சேர்ந்திசைக்கு முன்வரிசையிலிருந்து 1 மீட்டரில் மைக், இரண்டு மைக்குக்கும் நடுவே 3 மீட்டர். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் முன்பின்னாக விழுந்து பொள்ளலாகக் கேட்கும்.

கேள்வி: மகள் 11ஆம் வகுப்பு. ஆண்டு முடிவில் எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்) தேர்வு இருக்கும்போது நாடகத்தில் சேரலாமா?
– ஒரு தாய், மோக்கா

ஜூலையோடு முடியும் நாடகம் என்றால் சேரட்டும். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்று பள்ளியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கதாநாயகி வேடம் வேண்டாம். அவர் ஒருநாள் வராவிட்டாலும் ஒத்திகை நின்றுவிடும். இரண்டு காட்சிகளில் வரும் வேடமோ பின்பாட்டோ கேட்கலாம். அந்த வேடத்துக்கு 10ஆம் வகுப்பிலிருந்து இன்னொரு பிள்ளையையும் பழக்கி வைக்கச் சொல்லுங்கள்.