நான்கு வயதுக் குழந்தைக்குப் பியானோ: விரலுக்கு முன்னால் காது

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. எதிர்வீட்டுப் பையன் பியானோ வகுப்புக்குப் போவதைப் பார்த்துத் தானும் போக வேண்டும் என்கிறாள். விசாரித்த இடத்தில், “ஐந்து வயதுக்குள் ஆரம்பிச்சிடணும், அப்புறம் விரல் வளையாது” என்றார்கள். என் மாமியார் முதலில் பாட்டு வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார். எனக்கும் கணவருக்கும் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. பியானோதான் வாங்க வேண்டுமா, கீபோர்டு போதுமா? இசை கற்றால் மூளை நன்றாக வளரும் என்கிறார்களே, அது உண்மையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஐந்து வயதுக் கெடு என்று ஒன்று கிடையாது. ஏழு, எட்டு வயதில் தொடங்கி அருமையாக வாசிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் பெயரைச் சொல்லிவிடும் திறமை உள்ளவர்களில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே இசையைத் தொடங்கியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திறமை இல்லாத பெரிய கலைஞர்களும் உண்டு. நான்கு வயதில் விரல்கள் இன்னும் தனித்தனியாக இயங்கப் பழகியிருக்காது. மோதிர விரலை மட்டும் தூக்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து விரலும் கூடவே எழும். இந்த வயதில் வேகமாக வளர்வது காது. அதனால் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து.

ஹங்கேரி இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் குழந்தையின் இசைக்கல்வி பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஜப்பானின் வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுகி, தாய்மொழியைப் போலவே இசையும் கேட்டுக் கேட்டு வர வேண்டும் என்றார். அவருடைய முறையில் அம்மாவோ அப்பாவோ ஆரம்பப் பாடங்களைத் தாங்களும் கற்றுக்கொண்டு குழந்தையோடு வகுப்பில் உட்காருவார்கள். உங்களுக்குச் சங்கீதம் தெரியாதது ஒரு குறையே இல்லை. மகளோடு சேர்ந்து நீங்களும் முதலிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

வகுப்புக்கு முன் வீட்டிலேயே தொடங்குங்கள். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் அவளுக்குத் தெரிந்த பாட்டைப் பாடுங்கள். ஒரு வரி நீங்கள், அடுத்த வரி அவள். பாடிக்கொண்டே கை தட்டுங்கள், தாளத்துக்கு நடங்கள், வேகத்தைக் கூட்டுங்கள், சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில் அவளும் நின்றால் தாளம் அவள் உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். பெரியவர்கள் பெரும்பாலும் குழந்தைக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் பாடிவிடுவோம். கொஞ்சம் தூக்கிப் பாடுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. போனில் பாட்டைப் போட்டுக் கொடுப்பதைவிட அம்மா நேரில் பாடுவது எத்தனையோ மடங்கு மேல்.

இனி கருவிக்கு வருகிறேன். லட்சக்கணக்கில் செலவழித்து நிஜப் பியானோ வாங்க இப்போது அவசியமே இல்லை. 61 கட்டைகள் உள்ள கீபோர்டு முதல் ஓரிரு வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு விஷயங்களை மட்டும் கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். கட்டைகள் நிஜப் பியானோவின் அகலத்தில் இருக்க வேண்டும்; பொம்மை அளவிலான சின்னக் கட்டைகள் வேண்டாம். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலியும் பலமாக அழுத்தினால் பெரிய ஒலியும் வர வேண்டும். இதை ‘டச் சென்சிடிவ்’ என்பார்கள். வீட்டுக்கு வந்ததும், தானாகத் தாளம் போடும் பொத்தான் பக்கம் அவள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓடினால் குழந்தை தன் விரல் எழுப்பும் ஒலியைக் கேட்கவே மாட்டாள். சுருதியை மாற்றும் ‘ட்ரான்ஸ்போஸ்’ வசதி எப்போதும் பூஜ்யத்தில் இருக்கட்டும். தெரியாமல் அதை மாற்றிவிட்டால் அதே கட்டையில் வேறு ஸ்வரம் ஒலிக்கும்.

உட்காரும்போது முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும், கால் தொங்கக் கூடாது. நாற்காலியில் மடித்த போர்வை, காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை, அவ்வளவுதான்.

கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் மாறி மாறி வருவதை அவளே கண்டுபிடிக்கட்டும். “இரட்டைப் பிள்ளைகள் எங்கே? மூணு பேர் எங்கே?” என்று தேட விடுங்கள். இரட்டைக்கு உடனே இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டைதான் ‘ஸி’ என்ற மேற்கத்திய ஸ்வரம். கீபோர்டு முழுக்க எத்தனை ‘ஸி’ இருக்கிறது என்று தேடுவதே ஒரு வாரத்து விளையாட்டு. இடது கோடியில் யானை நடக்கிறது, வலது கோடியில் குருவி கத்துகிறது என்று கதை சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி தானாகப் புரியும். ஐந்து விரல்களையும் வைத்து வாசிக்க அவசரம் வேண்டாம். முதலில் ஒரே விரலால், பிறகு நடு மூன்று விரல்களால். ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே மூடிவிடுவது நல்லது.

பாட்டும் பியானோவும் ஒன்றோடொன்று மோதுமா என்று யோசிப்பீர்கள். மோதாது, ஆனால் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ‘ஸி’தான் ‘ச’ என்று குழந்தைக்குச் சொல்லிவிடாதீர்கள். பாட்டு ஆசிரியர் ‘ஐந்து கட்டை’ எனப்படும் சுருதியை வைத்தால் அவளுடைய ‘ச’ கீபோர்டில் ‘ஜி’யில் விழும். ‘ச’ பாடுபவரின் சுருதியைப் பொறுத்து மாறும், ‘ஸி’ இடம் மாறாது. பாட்டு வகுப்பின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையின் ராகம் மாயாமாளவகௌளையைக் கீபோர்டில் வாசித்துக் காட்டினால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ‘ஸி’யிலிருந்து தொடங்கினால் ‘ரி’யும் ‘த’வும் கறுப்பில் வரும், மற்றவை எல்லாம் வெள்ளை. ஆனால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பியானோக் கட்டையில் கொண்டுவர முடியாது. அதனால் பாட்டைப் பாட்டு ஆசிரியரிடமே கற்கட்டும், கீபோர்டைப் பார்த்து அல்ல.

பியானோ வகுப்புக்கு எப்போது அனுப்பலாம்? நீங்கள் பாடிய வரியை ஓரளவு சுருதி சேர்த்துத் திருப்பிப் பாடினால், பத்துப் பதினைந்து நிமிடம் ஒரே வேலையில் இருந்தால், எந்த விரலைக் கேட்டாலும் சரியாகக் காட்டினால் அனுப்பலாம். சிலருக்கு இது நாலரை வயதில் வரும், சிலருக்கு ஆறில். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்க்கக் கேளுங்கள். பெற்றோரை உள்ளே விடாத, முதல் மாதத்திலேயே லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வைப் பற்றிப் பேசுகிற இடம் இந்த வயதுக்கு ஏற்றதல்ல. தேர்வெல்லாம் பல வருடங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மூளை வளர்ச்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘மொஸார்ட் கேட்டால் அறிவு வளரும்’ என்ற பேச்சு 1993இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். கண்டது ஒரே வகைச் சோதனையில் பதினைந்து நிமிடம்கூட நீடிக்காத சின்ன முன்னேற்றம். குழந்தைகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. கணக்கில் மார்க் வரும் என்ற எதிர்பார்ப்போடு அவளை உட்கார வைக்காதீர்கள். பாட்டு அவளுக்குச் சந்தோஷம் தருகிறது என்பதே போதுமான காரணம்.

இன்னொரு வேண்டுகோள். வீட்டுக்கு விருந்தினர் வந்தால், “மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு” என்று அவளைக் கூப்பிடாதீர்கள். அவளாகவே ஓடிவந்து வாசித்தால் எல்லோருமாக உட்கார்ந்து கேளுங்கள். எதிர்வீட்டுப் பையன் எந்தப் பாடத்தில் இருக்கிறான் என்று அவள் காதில் விழும்படி விசாரிக்கவும் வேண்டாம்.